குருத்து மட்டம்

இரண்டு விரற்கடை கீழே போயிருந்தது. நேற்றுச் சாயந்திரம் மண்ணுக்கு மேலே முழுசாகத் தெரிந்த, ஃபெர்ன் என்கிற பெரணிச் செடியின் குருத்து, பழுப்பு ரோமத்தோடு சுருண்டுகிடந்த அந்த நடுக்குருத்து, விடிந்து பார்த்தால் மண்ணுக்குள் இருந்தது. சர்வேயர் சுவரோரச் சிமெண்டு விளிம்பில் குந்தி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த ஸ்கேலை வைத்துப் பார்த்தார். கண்ணால் பார்த்ததை அளந்து பார்க்காமல் நம்புகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. முப்பத்தொரு வருஷம் ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கல் நட்டவர். தன் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு செடி நட வக்கில்லாமல் இப்படி மானம் போகிறதே என்று எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

இது மூன்றாவது தடவை. முதலில் நட்டவை அழுகின. அடுத்து நட்டவையும் அழுகின.

வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே நாலடி அகலச் சந்து அது. வெயில் எட்டிப் பார்க்காது. எந்நேரமும் மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்த வாடை. அந்தச் சந்தைப் பார்த்துத்தான் மனைவியின் படுக்கையறை ஜன்னல். நாலு மாசத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் ஆகி, எலும்பும் கூடிவிட்டது. மனுஷி மட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துவிட்டாள். நடை பழக்க வரும் பிசியோதெரபிஸ்ட் போன வாரம் உடைத்தே சொல்லிவிட்டார். "காலுக்கு ஒண்ணும் இல்ல சார். மனசுதான் எழுந்திருக்க மாட்டேங்குது. இன்னும் ஒரு மாசம் இப்படியே படுத்திருந்தாங்கன்னா அப்புறம் நடக்கவே முடியாது."

அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கண்ணத் தொறந்தா வெறும் சுவரு. கொஞ்சம் பச்சை தெரிஞ்சா எழுந்து பாக்கணும்னு தோணுமோ என்னமோ."

அந்த 'என்னமோ'வைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் நர்சரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்.

"குருத்தப் புதைச்சா அழுகாம என்ன சார் செய்யும்?" என்றார் நர்சரிக்காரர், மூன்றாவது தடவை வாங்கப் போனபோது. "பெரணிக்கு அது மூக்கு மாதிரி. வெளிய இருக்கணும்."

"நான் புதைக்கலப்பா."

"அப்ப அதுவே போய்ப் புதைஞ்சுக்கிச்சா?" அவர் சிரித்த சிரிப்பில் சர்வேயருக்குக் காது மடல் சூடானது.

"சாகாத ரகமாக் குடு."

"அப்ப இந்தப் பொடி இலைக்காரிய விடுங்க, இவ நோஞ்சான். வாள் மாதிரி நீட்டு இலை இருக்கு பாருங்க, அத எடுங்க. கல்லிடுக்குலயும் வரும். தண்ணி ஊத்த மறந்தாலும் கோவிச்சுக்காது. என்னையவிடக் கெட்டி சார் அது."

பன்னிரண்டு வாங்கிவந்தார். மக்கின இலையும் மணலும் கலந்து, மூன்று வரிசையாக, ஒவ்வொரு குருத்தும் மண்ணுக்கு மேல் சரியாக ஒரு விரற்கடை நிற்கும்படி ஸ்கேல் பிடித்து நட்டார். இந்தத் தடவை சுவரில் ஆணி அடித்து, மட்டம் பார்த்து நூலும் கட்டினார். யாராவது மண்ணை மேலே தள்ளுகிறார்களா, பூனை பறிக்கிறதா, மழையில் மண் சரிகிறதா, எதுவானாலும் நூல் காட்டிக்கொடுத்துவிடும்.

நூல் காட்டிக்கொடுத்தது. மண் ஏறவில்லை. இம்மிகூட ஏறவில்லை. செடிதான் இறங்கியிருந்தது. பன்னிரண்டும், ஒரே அளவு.

அதற்குப் பிறகு தினமும் விடிகாலையில், அவள் கண் விழிக்கும் முன்னால் ஓசைப்படாமல் வெளியே போய், விளிம்பில் குந்தியபடியே பன்னிரண்டையும் தூக்கி நட்டார். தூக்கும்போது ஒவ்வொரு செடியும் கொஞ்சம் தயங்கி, பிறகுதான் கைக்கு வந்தது. ஒரு செருப்பு விளிம்பிலிருந்து மண்ணில் விழுந்ததை மறந்துவிட்டு வந்தார். அடுத்த நாள் அதைக் காணோம். தெரு நாயை வாய்க்கு வந்தபடி திட்டினார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் ஒரு சொட்டு தேங்கவில்லை. அந்தச் சந்தில் ஒரு மண்புழு இல்லை, எறும்பு இல்லை, பக்கத்து வீட்டு மிக்சி சத்தம்கூட மதில் தாண்டி வந்ததும் செத்துப்போனது.

இதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? நாலாம் நாள் அவள் தானாக எழுந்து உட்கார்ந்தாள். எட்டாம் நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரெண்டாவது வரிசைல புதுசா ஒண்ணு விரியுதுங்க, பாத்தீங்களா?" என்று கேட்ட குரலைக் கேட்டு எத்தனை மாசம் ஆயிற்று. மண் செடியை விழுங்குகிறது என்று அந்த முகத்திடம் எந்த வாயால் சொல்வது?

"நல்லா வருதும்மா," என்றார். "கெட்டி ரகம்."

இரண்டு விரற்கடை நாலாயிற்று. ஒரு செடிக்கு அடியில் தட்டைக் கல்லை வைத்து நட்டார். மறுநாள் செடி கழுத்தளவு போயிருந்தது. கல்லைத் தேடி முழங்கை வரை கையை விட்டார். கல் இல்லை. உள்ளே மண் சில்லென்று, மெத்தென்று, அவர் கையைச் சுற்றி ஒத்தடம் கொடுப்பதுபோல் லேசாக இறுகியது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அன்று முழுக்க அந்தக் கையால் சாப்பிடப் பிடிக்கவில்லை.

பதினோராம் நாள், பரணிலிருந்து தன் பழைய சர்வே கம்பத்தை இறக்கினார். ஆளுயரத்துக்கு மேல் இருக்கும், சிவப்பும் வெள்ளையுமாகப் பத்துப் பட்டை. விளிம்பில் நின்றபடியே குத்தினார். வெண்ணெயில் இறங்குவதுபோல மூன்று பட்டை இறங்கி நின்றது. மேலே ஏழு. காலை டிபன் முடித்து வந்து பார்த்தார். ஐந்து. மத்தியானம், இரண்டு. மூன்றரை மணிக்கு மண் சமமாகக் கிடந்தது. கம்பம் நின்ற இடத்தில் ஒரு துளைகூட இல்லை.

அப்போதுதான் பயந்தார். அதுவரை வந்ததெல்லாம் கோபம்.

கொத்தனாரைக் கூட்டிவந்து இன்றைக்கே ஜல்லி கொட்டி, மேலே கான்கிரீட் போட்டு மூடிவிட வேண்டியதுதான். பச்சைக்குத் தொட்டிச் செடி வைத்துக்கொள்ளலாம். எட்டிப் பார்த்தார், அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பினார்.

கொத்தனார் வீடு பூட்டியிருந்தது. போனையும் எடுக்கவில்லை. அரை மணி நேரம் வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுவிட்டு, அவரையும் அவர் பூட்டையும் சபித்துக்கொண்டே திரும்பினார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை வரும்போல இருந்தது.

கட்டில் காலியாக இருந்தது.

போர்வை மடித்து வைத்திருந்தது. அவள் பிடித்து நடக்க வாங்கிய வாக்கர் பின்வாசல் கதவோரம் தனியாக நின்றது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவருக்குச் சந்தோஷம் பொங்கியது. நடந்திருக்கிறாள். யார் துணையும் இல்லாமல் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள்.

பிறகு கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பது உறைத்தது.

ஓடினார். சந்தின் நடுவே, பெரணிகளுக்கு இடையில் அவள் இருந்தாள். நைட்டி சுற்றிலும் மண்ணில் பரந்து கிடந்தது. முகம் அவர் பக்கம் திரும்பியது.

"ஏம்மா," என்றார், மூச்சு வாங்க. "ஈர மண்ணுல எதுக்கு உக்காந்திருக்க?"

"உக்காந்திருக்கேனா?" அவள் சிரித்தாள். "நின்னுக்கிட்டுல்ல இருக்கேன். நீங்க வந்து பாத்து அசந்து போகணும்னு அப்பலேருந்து நிக்கிறேன். காலுக்கு எவ்வளவு இதமா இருக்கு தெரியுமா?"

அவர் விளிம்பில் மண்டியிட்டு அவள் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். அசையவில்லை. இன்னொரு தடவை. தோள் மூட்டு கழன்றுவிடும்போல இழுத்தார். நட்ட கல் மாதிரி இருந்தாள்.

"ஏன் இப்படி இழுக்கறீங்க? விடுங்க. நானே வரேன்."

"வேண்டாம். ஆடாதே. கால ஆட்டாதேம்மா."

"நடந்து காட்டறேன், பாருங்களேன்."

இடது தோள் முன்னால் வந்தது. பிறகு வலது தோள். மண்ணில் ஒரு சின்ன வெடிப்பு இல்லை. இலை ஆடவில்லை.

"ஒண்ணு," என்றாள். விலாவரை.

கத்தினார். மதிலுக்கு அப்பால் யாருக்கும் கேட்கவில்லை.

"ரெண்டு." அவர் விரல்கள் அவள் அக்குளிலிருந்து மண்ணுக்குள் போயின. மெத்தென்று இறுகியது. கை தானாகப் பின்வாங்கியது. அவர் பின்வாங்கச் சொல்லவில்லை.

"மூணு." தோள்.

நாலு மாசமாக அவர் ஏங்கிய முகம். வெட்கமும் பெருமையுமாக, கண்ணெல்லாம் பளபளக்க, அவரையே பார்த்துக்கொண்டு.

"வலிக்கவே இல்லைங்க," என்றாள். மோவாய் மண்ணில் பட்டது. "நாலு."