பழுப்பேறாத மூக்கு

சில்வியாவின் மூக்குக்கு இந்நேரம் பழுப்பேறியிருக்க வேண்டும். ஒன்றரை வருடம் தாண்டாது என்று செய்து கொடுத்த ஜெரியே சொல்லியிருந்தான். வெயில், ராயபுரத்து உப்புக்காற்று, துறைமுகத்திலிருந்து வந்து படியும் கரி, கை எண்ணெய் எல்லாம் சேர்ந்து சிலிக்கோனின் நிறத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடுமாம். மூன்றாவது வருடமும் முடியப்போகிறது. புற்றுநோய் கொண்டுபோன மூக்கின் இடத்தில் அது முதல் நாள் மாதிரியே பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

அந்தப் பளிச்சுதான் அவளுடைய வெட்கக்கேடு. நிறம் பார்ப்பதை ஜெரி காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் உட்காரவைத்துத்தான் செய்வான். டியூப்லைட் பொய் சொல்லும் என்பான். மூன்று வருடத்துக்கு முன்பு, அளவெடுத்த அன்று, வண்ணத் துண்டுகளைக் கன்னத்தோடு வைத்துப் பார்த்தவன் கையை நிறுத்தினான்.

"அக்கா, பவுடர் கிவுடர் போட்டுகினு வந்துகீறீங்களா?"

ஓட்டை விழுந்த முகத்தோடு ஓர் ஆண்பிள்ளை முன்னால் உட்கார வேண்டுமே என்று இரண்டு பூச்சு பூசிக்கொண்டுதான் போயிருந்தாள். "இல்லப்பா, என் கலரே இதான்" என்று கூசாமல் சொன்னாள். மூக்கு இரண்டு படி வெளுப்பாக வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து தினமும் பவுடர் அப்பி முகத்தை மூக்கின் நிறத்துக்குக் கொண்டுவருவது அவள் பாடாகிவிட்டது. ஒரு பொய்க்காக மூன்று வருடம் முகத்துக்குச் சுண்ணாம்படித்தவள் ஊரில் இவள் ஒருத்திதான் இருப்பாள்.

இன்று அண்ணன் மகள் அம்முவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். இவள்தான் ஞானத்தாய். அறுவைசிகிச்சைக்குப் பிறகு சொந்தக்காரர்கள் முன்னாலும் போட்டோவுக்கும் முதல்முறையாக நிற்கப்போகிறாள். மூக்கின் ஓரத்தை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவள் வேண்டுதல்.

குளித்து முகம் துடைத்து, டப்பாவிலிருந்து மூக்கை எடுத்துப் பசை தடவி ஒட்டிக்கொண்டு, பவுடருக்குக் கை நீட்டியபோதுதான் கண்ணாடியைப் பார்த்தாள். பவுடரே படாத கன்னமும் மூக்கும் ஒரே நிறம். ஒரு வழியாக மூக்கு கறுத்துவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டப்பா மூடிக்குள் வெளிச்சமே படாமல் கிடந்த, மூக்கோடு சேர்த்து ஜெரி கொடுத்திருந்த அதே நிற மாதிரித் துண்டை எடுத்து மூக்கோடு வைத்துப் பார்த்தாள். இம்மியும் வித்தியாசமில்லை. மூக்கு மாறவில்லை.

மாறியிருந்தது கன்னம்.

கரண்ட் போயிருந்தது. மே மாதத்துப் புழுக்கத்தில் பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாடை அறைக்குள் அசையாமல் நின்றது, கழுத்திலிருந்து முதுகுவரை வியர்வை ஒழுகியது. முகத்தில் ஒரு சொட்டு இல்லை. கன்னத்தை அழுத்தினாள். பள்ளம் விழுந்தது, அவசரமில்லாமல் நிரம்பியது. விரலுக்குக் கன்னம் தெரிந்தது. கன்னத்துக்கு விரல் தெரியவில்லை. கிள்ளினாள். நகத்தால் கீறினாள். ரத்தம் வரவில்லை.

"இன்னாமே இன்னும்? கோயில்ல மொத மணி அட்ச்சிட்டாங்க!" வெளியே புருஷன் பென்னி.

கத்தியிருக்கலாம். ஆனால் அவன் உள்ளே வந்து பார்ப்பானே. மூன்று வருடத்தில் ஒருநாளும் அவன் கண்ணெதிரே மூக்கைக் கழற்றியதில்லை. இதை எப்படிக் காட்டுவது?

"தோ, வந்துட்டேன்" என்றாள். உதடு சரியாக அசையவில்லை.

கழற்றிவிடலாம். மூக்கின் ஓரத்தில் நகத்தை விட்டாள். ஓரம் இல்லை. தேடினாள். இல்லவே இல்லை. இழுத்தாள். வலித்தது. மூக்கு வலித்தது. சுட்டது. அதன் நுனியில் வியர்வை முத்து முத்தாக.

விரல்கள் தாமாகக் கீழே இறங்கின. தாடைக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது. மெல்லிய விளிம்பு. காய்ந்த பசை. இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை.

"அத்தே, கதவத் தொற. போட்டோக்காரர் வந்துட்டாரு." வெளியே அம்மு.

அவள் தொடவில்லை. கை இரண்டும் மடியில்தான் இருந்தன. கண்ணாடியில், விளிம்பு கீழிருந்து சுருண்டு மேலேறிக்கொண்டிருந்தது. நடுவில் மூக்கு மட்டும் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.