ஞாயிற்றுக்கிழமைப் பூட்டு

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், யோங் பெங் ஊரில் கனகசுந்தரத்தின் வீட்டு வாசலில் கார் நின்றது. லோஷினி பின் இருக்கையிலிருந்து இறங்கினாள். ஓட்டி வந்த கணவன் மகேஸ்வரன் காரிலேயே இருந்துவிட்டான். இரண்டு வாரமாக அவள் அவன் பக்கத்தில் உட்காருவதில்லை, பேசுவதுமில்லை. அப்பா செத்ததற்கு அவளுக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உடம்பே மரத்துப் போயிருந்தது.

கனகசுந்தரம் ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. ஊரில் எந்தச் சிக்கலும் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வரும். அவருடைய மனைவி தவமணிதேவி அதற்குள் குறிப்பேட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

“அந்த ஞாயித்துக்கிழமை என் போன் ரிப்பேர் கடையில இருந்துச்சு அங்கிள்,” என்றாள் லோஷினி, யாருக்கோ வந்த கடிதத்தைப் படிப்பதுபோல. “அப்பா உன்னையே கேக்குறாரு, உடனே வான்னு அண்ணன் பத்து மணிக்கு வாட்சாப் அனுப்பியிருக்காரு. நான் கம்ப்யூட்டர்ல வாட்சாப்பைத் திறந்தேன், வரல. இன்டர்நெட் லைன் மோசம்னு மூடிட்டேன். ஒரு மணிக்கு சிகாமட் வீட்டுல அப்பா உயிர் போயிடுச்சு.”

“லைன்தானா?”

“இல்ல, பூட்டுன்னு பிறகுதான் தெரிஞ்சுது. வேலை நேரத்துல கவனம் சிதறாம இருக்க கம்ப்யூட்டர்ல ஒரு கருவி வச்சிருக்கேன். கறுப்புத் திரையில ஒரு கட்டளை வரி அடிச்சா வாட்சாப், முகநூல் எல்லாம் பூட்டிக்கும். அஞ்சு மணிக்குத்தான் திறக்கும். அன்னைக்கு லீவு, நான் அடிக்கவே இல்ல. வீட்டுல இருந்தது என் வீட்டுக்காரரு மட்டும்தான். அப்பாவோட அவருக்கு ரெண்டு வருஷமாப் பேச்சு இல்ல.”

“வேற யார், மாப்பிள்ளைதான்!” என்றார் தவமணிதேவி.

“பொறுங்கோ தேவி,” என்ற கனகசுந்தரம் லோஷினி பக்கம் திரும்பினார். “தினமும் கையாலதான் அடிப்பீங்களோ?”

“வேலை நாள்ல ஒன்பது மணிக்குப் பூட்டு தானா விழும். வெள்ளிக்கிழமை மட்டும் விழாது, நானே அடிப்பேன். என்ன கோளாறோ, பார்க்க நேரமில்ல.”

“மற்ற ஞாயிறுகள்ல இதைத் திறப்பீங்களோ?”

“ஞாயிறுன்னா அப்பா வீடுதான். அன்னைக்கு மட்டும் எனக்குக் காய்ச்சல்னு போகல.”

கனகசுந்தரம் அவள் கொண்டுவந்திருந்த மடிக்கணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். வாட்சாப் வரவில்லை. பூட்டியிருந்தது.

“இன்றைக்கும் ஞாயிறு. மணி பதினொன்று. இப்ப யார் பூட்டினது? அவர் வெளியில காரில இருக்கிறார். கருவியை எப்ப போட்டீங்க?”

“மூணு, நாலு வருஷம் இருக்கும்.”

“அப்ப ஜொகூர்ல வார லீவு எந்த நாள்?”

“வெள்ளி, சனி.”

“ஞாயிறு முதல் வியாழன் வரை வேலை. பிறகு அரசாங்கம் லீவைச் சனி, ஞாயிறுக்கு மாற்றினது. நீங்களும் மாறினீங்க. இந்தக் கருவிக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. வெள்ளி விழாததுக்கும் ஞாயிறு விழுந்ததுக்கும் காரணம் ஒன்றுதான். ஒவ்வொரு ஞாயிறும் பூட்டிக்கொண்டுதான் இருந்திருக்கு. நீங்க சிகாமட்ல இருந்ததால தெரியேல்லை.”

அவள் கருவியின் நாள் அட்டவணையைத் திறந்து பார்த்தாள். முதல் வரியே ஞாயிறு. எழுதியவர் பெயர் லோஷினி.

“அப்ப ஒருத்தரும் செய்யேல்லையா?” என்று கேட்டபடி தவமணிதேவி குறிப்பேட்டை மூடினார்.

வெளியே மகேஸ்வரன் இறங்கி வந்து பின்கதவைத் திறந்து பிடித்தான். அவள் அதைக் கடந்துபோய் முன் இருக்கையில் உட்கார்ந்தாள்.

“நீங்க இல்ல,” என்றாள். “நான் போட்ட பூட்டுதான்.”

அவன் பின்கதவைச் சாத்திவிட்டு வந்து காரைக் கிளப்பினான். “ஞாயிறுதானே, சிகாமட் போலாமா?” என்றான்.

அங்கே அப்பா வீட்டில் இப்போது யாரும் இல்லை. “போலாம்,” என்றாள் லோஷினி.