வண்டி இல்லாத அறை

காலை 11.40. மோட்டலின் ஏழாம் அறையில் மூட்டைப்பூச்சிக்குப் போட்ட விஷப்புகை கலைந்தபோது, கட்டிலில் ஒருவர் செத்துக் கிடந்தார். நேற்று மாலை மைத்துனரோடு காரில் வந்து தங்கியவர்.

ஜன்னல் ஓட்டை வழியாக வெளியிலிருந்தே புகைக் குழாயை விட்டவள் துப்புரவு அக்கா. அவளை ஜீப்பில் ஏற்றப் போலீசார் தயாராக இருந்தார்கள்.

12.30.

“உள்ள ஆள் இருக்கான்னு பாக்கலையா?” என்றார் பெண் இன்ஸ்பெக்டர்.

“வாசல்ல வண்டி இல்லீங்கம்மா. சாவியும் வெளிய தொங்குச்சு. கதவத் தட்டக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு.”

முதலாளி குறுக்கிட்டார். “மோட்டல்ங்கிற பேரே மோட்டாரும் ஹோட்டலும் சேர்ந்து வந்ததுதான் மேடம். இங்க வண்டிதான் விருந்தாளி. வண்டி போயிட்டா அறை காலி, பதினோரு மணிக்குப் புகை.”

வருகிறவர்களிடமெல்லாம் இதை ஒப்பிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நேற்று மைத்துனர் ரொம்பவே ரசித்துக் கேட்டாராம்.

பதிவேட்டில் பெயருக்கு முன்னால் வண்டி எண், பக்கத்திலேயே வண்டி ஓடிய கிலோமீட்டர். “பேரை மாத்திச் சொல்லுவாங்க, மீட்டர் மாத்திச் சொல்லாது” என்றார் முதலாளி. ஏழாம் அறைக்கு நேரே 48,212.

1.15. மைத்துனர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

“அத்தான் தூக்க மாத்திரை போட்டுட்டுப் படுத்திருந்தார். எழுப்ப மனசு வரலை. டவுனுக்குப் போய் மருந்து வாங்கிட்டு இப்பதான் வந்தேன்.”

“டவுன் எவ்வளவு தூரம்?”

“பதினெட்டு கிலோமீட்டர்” என்றார் முதலாளி.

இன்ஸ்பெக்டர் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“மீட்டர்ல 48,214. போக வர முப்பத்தாறு ஆகணுமே, மீதியை வழியில தொலைச்சிட்டீங்களா? வண்டியை எங்கேயோ பக்கத்துல மறைச்சீங்க. கதவைப் பூட்டிச் சாவியை வெளிய விட்டீங்க. புகை போட்டு முடிக்கட்டும்னு காத்திருந்தீங்க. முதலாளி எடுத்த பாடத்தை நீங்க ஒருத்தர்தான் ஒழுங்காப் படிச்சிருக்கீங்க.”

மைத்துனர் தலையைத் தொங்கப்போட்டார். “எங்கப்பா வீட்டை அவர் விட்டுக்குடுக்கவே இல்ல.”

3.00. ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு போனது. ஏழாம் அறை வாசற்படியில் அக்கா இன்னும் உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு தடவை தட்டியிருந்தா முழிச்சிருப்பாரோ என்னவோ.”

“நான்தானம்மா தட்டாதேன்னு சொன்னேன்” என்றார் முதலாளி.

வாசலில் புதிதாக ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய பெண் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

“மோட்டல்னா என்னங்க அர்த்தம்?”

“தெரியாதும்மா” என்றார் முதலாளி.