114: நீர் உண்டு

திரையில் வந்த அந்த வரியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ‘114: நீர் உண்டு.’ கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார் ஓடலாம் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் வரும், கவிநிலா கண்டுகொள்ளவே மாட்டாள். இன்று கண்டுகொண்டாள். நூற்றுப் பதினாலாம் எண் ஸ்டார்ட்டர் எந்தக் கிணற்று மேட்டிலும் இல்லை. வயர்கள் வெட்டப்பட்டு, சிம் கழற்றப்பட்டு, அவளுக்கு எதிரே இருந்த இரும்பு பீரோவின் மேல் ஓர் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது.

வேங்கிக்காலில் மாடியில் இரண்டே அறை, அதுதான் கம்பெனி. வீட்டில் உட்கார்ந்தபடி போனில் தட்டினால் கொல்லைக் கிணற்றில் மோட்டார் ஓடும். அப்படி ஓடவைக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியைத்தான் விற்றார்கள். யார் எப்போது தட்டினார்கள், எந்த மோட்டார் என்ன பதில் சொன்னது என்பதையெல்லாம் சர்வரில் வரி வரியாக எழுதிவைப்பது ஒரு லாகிங் லைப்ரரி. எந்த ஊரிலோ யாரோ எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று இனாமாகக் கொடுத்த ஓப்பன் சோர்ஸ் சரக்கு. முதலாளி முருகவேல் அதையும் சேர்த்துத்தான் ‘நம்ம சொந்த டெக்னாலஜி’ என்று வருகிறவர்களிடம் அளந்துகொண்டிருந்தார்.

பௌர்ணமி என்பதால் மற்றவர்கள் மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். ஊரே மலையைச் சுற்றக் கிரிவலம் போயிருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் மின்விசிறியின் கிறீச்சும், கீழே பூட்டிய கடையின் ஷட்டரைக் காற்று தட்டும் சத்தமும், அவற்றுக்கு நடுவே எங்கிருந்தோ வந்த ஈரச் சேற்று வாசனையும்தான் அவளுக்குத் துணை.

வரி மறுபடி வந்தது. 114: நீர் உண்டு.

சர்வரை நிறுத்திப் போட்டாள். வந்தது. லைப்ரரியின் மூலநிரலையே திறந்து மேலிருந்து கீழாகப் படித்தாள். உலகம் முழுக்க எத்தனையோ பேர் பார்த்து, குறை சொல்லி, திருத்திய நிரல். அதில் ஒளிந்திருக்க இடமே இல்லை. சொன்னதை எழுதும், சொல்லாததை எழுதாது. அப்படியென்றால் யாரோ சொல்கிறார்கள்.

போன் அடித்தது. முருகவேல். அவரும் கிரிவலத்தில்தான் இருந்தார்; பின்னால் ‘அரோகரா’ என்று கூட்டம் இரைந்தது.

“இன்னாம்மா, அந்த நாள் லாக்க அழிச்சிட்டியா?”

“இல்ல சார்.”

“காலைல விசாரிக்க ஆபீசர் வந்து நிக்கப்போறாரு. அந்தாளு ஆஃப் பண்ணாம எறங்கிட்டாரு, செத்துட்டாரு. அவ்ளோதான் கதை. அதுக்கு மேல ஒரு வரி இருக்கக் கூடாது.”

இருந்தது. இரண்டே இரண்டு வரி. ‘114: ஆஃப். போன்: சகாதேவன்.’ அதற்குக் கீழே, ‘114: ஆன். போன்: முருகவேல்.’ கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயி சகாதேவன், மோட்டார் வாயில் சிக்கிய குப்பையை எடுக்க, அணைத்துவிட்டுத்தான் கிணற்றில் இறங்கினார். அதே நேரம் இங்கே ஒரு வியாபாரிக்கு ஜம்பம் காட்ட, பச்சைக்கல் மோதிர விரலால் முருகவேல் எல்லா மோட்டாரையும் ஓடவிடும் பட்டனை அழுத்தினார். பழைய மோட்டார். தண்ணீரிலேயே கரண்ட் இறங்கிவிட்டது. மறுநாளே அந்த ஸ்டார்ட்டரைக் கழற்றி இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டார்.

சகாதேவனின் மனைவி ஆதிலட்சுமி காலையில் வந்திருந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. “ஆஃப் பண்ணிட்டுத்தாம்மா எறங்கனாரு. நான் மேட்டு மேல நின்னு பாத்துனு இருந்தேன். கை குடுடீன்னு கேட்டாரு. குடுக்கலியே நானு. குடிச்சிட்டு எறங்கனாருன்றாங்கம்மா ஊர்ல. அவரு குடிக்கவே மாட்டாரு” என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள். முருகவேல் வெளியே வரவே இல்லை.

அந்தப் பெண்ணுக்கு இருக்கிற ஒரே சாட்சி இந்த இரண்டு வரி. நினைக்க நினைக்கக் கவிநிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் அழிக்க மாட்டேன் சார்.”

“சம்பளம் நான் குடுக்கறேன், ஞாபகம் இருக்கட்டும். அந்தக் கருமம் புடிச்ச லைப்ரரியவே நிறுத்தித் தொலை.”

“நிறுத்தவும் மாட்டேன்.”

“சரி. என்கிட்ட பாஸ்வேர்டு இல்லன்னு நெனச்சியா? நடந்துகினே அழிக்கறேன் பாரு.”

இணைப்பு அறுபடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே அவர் போனைத் தட்டுவது கேட்டது. திரையில் அந்த இரண்டு வரிகளும் மறைந்தன.

நகல் எடுத்து வைக்காமல் போனோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். செலவு ஜாஸ்தி என்று முருகவேல் அந்த லைப்ரரியின் வாயைப் பாதி கட்டி வைத்திருந்தார்; பெரிய செய்தி மட்டும் எழுதும், சின்னதையெல்லாம் விட்டுவிடும். கவிநிலா அந்தக் கட்டை அவிழ்த்தாள். எல்லாவற்றையும் எழுது என்று மாற்றினாள். இனி வருகிறது எதுவானாலும் வரட்டும்.

வந்தது.

114: ஆஃப். போன்: சகாதேவன்.
114: நீர் உண்டு.
114: ஆன். போன்: முருகவேல்.
114: கசிவு.
114: கசிவு.

கசிவு என்றால், கரண்ட் வழி தவறி ஓர் உடம்பின் வழியாக மண்ணுக்கு இறங்குகிறது என்று பொருள். அவளே தமிழில் எழுதி வைத்த வார்த்தை. ஆனால் நேரம் அன்றைய நேரம் அல்ல. இப்போதைய நேரம்.

“திரும்ப வருதே! இன்னாடி பண்ற நீ?” என்று போனில் கத்தினார் முருகவேல்.

“நான் ஒண்ணும் பண்ணல சார்.”

அவர் அழித்தார். வரிகள் திரும்பி வந்தன. மறுபடி அழித்தார். மறுபடி வந்தன. அவர் தட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ‘ஆன்’ விழுந்தது.

சேற்று வாசனை மூக்கை அடைத்தது. பாசி. துரு. வெயில் படாத தண்ணீர்.

சொட்டு.

பீரோவின் கதவு வழியே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அட்டைப்பெட்டி நனைந்து உப்பியிருந்தது. கவிநிலா கால்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள். ஓடிவிடு என்றது உடம்பு. ஓடினால் இந்தத் திரை அவர் கைக்குப் போய்விடும்.

“சகாதேவன் அண்ணா,” என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும். “நீங்க சொல்லுங்கண்ணா. நான் அழிக்க மாட்டேன்.”

மின்விசிறி நின்றது. விளக்கும் அணைந்தது. திரை மட்டும் எரிந்தது.

“கவிநிலா.” முருகவேலின் குரல் இறங்கியிருந்தது. “இங்க ரோட்ல… யாரு இவ்ளோ தண்ணி ஊத்தனது? கால் வழுக்குதும்மா.”

“தட்டாதீங்க சார்! போனக் கீழ போடுங்க!”

“இன்னும் ஒரே தட்டு…”

114: ஆன். போன்: முருகவேல்.

அரோகரா சத்தம் பாதியில் அறுந்தது. கூட்டம் இல்லை. காற்று இல்லை. போனில் தண்ணீர் சலசலக்கும் ஒலி மட்டும், ஆழத்தில், நாலு பக்கமும் கல்லில் மோதி.

114: கசிவு.
114: கசிவு.

பிறகு முருகவேலின் குரல். போனிலிருந்து அல்ல. பீரோவின் மேலிருந்து. பெட்டிக்குள்ளிருந்து. கிணற்றடியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி.

“கவிநிலா… கை குடும்மா.”

அவள் எழுந்து நின்றாள். கையை நீட்டவில்லை.

“அன்னிக்கு அவரும் இதத்தான் சார் கேட்டாரு.”

பெட்டியின் விளிம்பை ஒரு கை பற்றியது. பச்சைக்கல் மோதிரம் போட்ட கை. மேலே வரத் துடித்தது. அதன் பின்னால் இன்னொரு கை வந்தது. தண்ணீரில் ஊறி வெளுத்த கை, நகக்கண்ணில் கொல்லை மண். அவசரமே இல்லாமல் அது மோதிரக் கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

திரையில் இன்னொரு வரி விழுந்தது.

114: நீர் உண்டு.

வெளுத்த கை உள்ளே இழுத்தது.