மறு ஒளிபரப்பில் டாக்டர்

அந்தக் காட்சியில் டாக்டருக்கு நரை இருந்திருக்கக் கூடாது.

டிவியில், விண்கலத்தின் மருத்துவ அறையில் அவர் திரும்பியபோது காதோரம் வெள்ளையாய் மின்னியது. வெளிச்சம் பட்டிருக்கும் என்று அவள் சோபாவின் நுனிக்கு நகர்ந்து உற்றுப் பார்த்தாள். இல்லை, நரைதான். டாக்டராக நடித்தவர் அவள் கணவர். தொடர் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் போய்விட்டார், முடி நரைக்கிற வயதுக்கு வராமலே. அப்புறம் தொடர் வருஷக்கணக்கில் ஓடியது; அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. இப்போது ஆண்டு விழா என்று மதியந்தோறும் முதலிலிருந்து மறு ஒளிபரப்பு செய்தார்கள். மனசு கேட்காமல் போட்டுவிட்டாள்.

மறுநாள் முகமெல்லாம் சுருக்கம். கேப்டனும் மற்றவர்களும் அதே கறுத்த முடியும் பளபளப்புமாக வசனம் பேசிக்கொண்டிருக்க, நடுவில் அவர் மட்டும், உயிரோடிருந்தால் இன்றைக்கு எப்படி இருப்பாரோ அப்படி, தோள் சரிந்து, வெள்ளி நிற உடை தொளதொளவென்று தொங்க, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, தொடர் பாக்குறீங்களா?"

"பாத்துட்டுத்தான் இருக்கேன் அண்ணி. அண்ணன் ராஜா மாதிரி இருக்கான்ல?"

"நரைச்சுப் போயிருக்காரே..."

"யாரு, அண்ணனா? மொதல்ல உங்க கண்ணாடிய மாத்துங்க." சிரித்தவன் குரலைத் தாழ்த்தினான். "தனியா உக்காந்து பாக்காதீங்க அண்ணி. நான் வரட்டுமா?"

"வேணாம்."

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவரோடு சேர்ந்து கிழவியாக அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்த ஏக்கம் பயத்தைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்தடுத்த பகுதிகளில் அவர் குரல் கரகரத்தது. வசனத்துக்கு நடுவே இருமினார். பிறகு வசனத்தையே விட்டுவிட்டார். மற்றவர்கள் பேசப் பேச, இவர் அவர்களுக்குப் பின்னால் சுவரைத் தடவியபடி, இருட்டில் கதவு தேடுகிற ஆள்போல நகர்ந்துகொண்டே இருந்தார். ஒருநாள் திரையின் ஓரத்துக்கு வந்தார். அதைத் தொட்டுப் பார்த்தார். தாண்டிப் போய்விட்டார்.

மறுநாள் மழை. ஜன்னல்களெல்லாம் சாத்தி, ஹாலே மங்கிக் கிடந்தது. அவள் தொடரைப் போட்டாள். மருத்துவ அறையில் டாக்டர் இல்லை. கேப்டன் காற்றைப் பார்த்துக் கேள்வி கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். தலையாட்டினார். யாரோ ஜோக் அடித்ததுபோல எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் அந்த வாசனை. ஒப்பனைப் பவுடர். ஷூட்டிங் முடிந்து வந்ததும் அவர் சட்டையில் அடிக்கிற வாசனை. அதற்கு அடியில் வேறொன்று. ஈரமண்.

"டாக்டர், அங்க இருக்கீங்களா?" என்றார் கேப்டன்.

திரையில் மௌனம்.

"இருக்கேன்."

படுக்கையறையிலிருந்து.

அவளால் எழ முடியவில்லை.

"என்னங்க?" குரல் அவளுடையதாகவே இல்லை.

காலை இழுத்து இழுத்து வரும் சத்தம். நின்றது. கதவு நிலையை ஒரு கை பற்றியது. விரல் விரலாக. வெள்ளி நிற உடையின் கைப்பட்டி. அதற்கு வெளியே நீண்டிருந்தது காய்ந்த வேர்போன்ற கை. அத்தனை கிழடாகும்வரை எந்த மனிதனும் உயிரோடு இருந்திருக்க முடியாது.

திரையில் பேச்சு நின்றிருந்தது. கேப்டனும் மற்றவர்களும், அந்த இளமையான முகங்கள் அத்தனையும், படுக்கையறைப் பக்கம் திரும்பிப் புன்னகைத்துக்கொண்டிருந்தன.