ஏறின பிறகுதான் டிக்கெட்

கண்டக்டர் மகளுக்கே டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆகவேண்டும்.

சக்கரபாணி, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நாளெல்லாம் போய்வரும் ஒரு பஸ்ஸில் கண்டக்டர். தினமும் நூற்றுக்கணக்கில் டிக்கெட் கிழிப்பார். அவருடைய மகள் கலைப்பிரியா ஆறாம் வகுப்பு. அவள் அப்பாவிடம் கேட்டது ஒரே ஒரு டிக்கெட். சரி, கூட வரும் அப்பாவையும் சேர்த்தால் இரண்டு.

அது பஸ் டிக்கெட் இல்லை. சென்னையில் நடக்கப்போகிற மல்யுத்தப் போட்டிக்கான டிக்கெட்.

மல்யுத்தம் என்றால் கலைப்பிரியாவுக்கு உயிர். அதிலும் புயல் பூங்கொடி டிவியில் வந்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம். பூங்கொடி ரிங்கின் மூலைக் கம்பத்தில் ஏறுவாள். கழுத்தில் கிடக்கும் சிவப்புத் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் மூன்று சுற்று சுற்றுவாள். கூட்டம் முழுக்க "ஒண்ணு... ரெண்டு... மூணு!" என்று கத்தும். அடுத்த நொடி ஒரே பாய்ச்சல். எதிராளியின் கதை அதோடு முடிந்தது.

அந்தப் பாய்ச்சலை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நேரில் பார்க்க வேண்டும்.

டிக்கெட் விற்கும் நாளில் அப்பாவும் மகளும் காலை பத்து மணிக்கே செல்போனோடு உட்கார்ந்தார்கள். பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு வரி வந்தது. 'உங்களுக்கு முன்னால் 48,312 பேர் காத்திருக்கிறார்கள்.'

"அடேங்கப்பா! தீபாவளிக்கு மொத நாளு பஸ் ஸ்டாண்டுலகூட இத்தினி பேர நான் பார்த்ததில்லம்மா" என்றார் அப்பா.

பதினோரு நிமிடம் காத்திருந்தார்கள். அப்புறம் இன்னொரு வரி வந்தது. 'அனைத்தும் விற்றுத் தீர்ந்துவிட்டன.' மத்தியானம் பார்த்தால், அதே ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் டிக்கெட்டை யாரோ ஒருவர் ஏழாயிரத்துக்கு விற்றுக்கொண்டிருந்தார்.

கலைப்பிரியாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"உடு பாப்பா. அடுத்த தபா பார்த்துக்கலாம்" என்றார் அப்பா. அவர் குரலே சரியில்லை. அதைக் கேட்டதும் கலைப்பிரியா அழுகையை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் தோழி மலர்விழியிடம் சொன்னாள். "நம்மள அங்க உடலன்னா போவட்டும். நாமளே இங்க போட்டி நடத்துவோம்!"

திண்டிவனத்தில் கலைப்பிரியாவின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை இருந்தது. நாலு சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டினார்கள். கீழே வைக்கோலை மெத்தைபோல் பரப்பி, மேலே தார்ப்பாய் விரித்தார்கள். ரிங் தயார். கலைப்பிரியாதான் புயல் பூங்கொடி. மலர்விழிதான் வில்லி.

ஒத்திகையில்தான் ஒரு பேஜார். மலர்விழி ரொம்ப நல்ல பிள்ளை. ஒவ்வொரு அடிக்கும் "வலிச்சிதா பிரியா? சாரி" என்று கேட்டாள்.

"வில்லி சாரி கேப்பாளாடி?"

"கேக்க மாட்டாளா? சாரி."

தினமும் ஒத்திகையைப் பார்க்க ஒரே ஒரு ஆள் வந்துவிடும். எதிர்வீட்டு அன்புச்செல்வி. ஒன்றாம் வகுப்பு, முன்பல் இரண்டும் இல்லை. கழுத்தில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கலைப்பிரியா துண்டு சுற்றும்போதெல்லாம் இவளும் சுற்றுவாள்.

நேரில் நடக்கும் போட்டி என்றால் டிக்கெட் இல்லாமலா? நோட்டுத் தாளை வெட்டி இருபத்தைந்து டிக்கெட் செய்தாள் கலைப்பிரியா. டிக்கெட் இல்லாதவர்கள் எட்டிப் பார்க்காதபடி, மனையைச் சுற்றி அம்மாவின் பழைய புடவைகளையும் கட்டினாள். டிக்கெட் விலை ஒரு கை மல்லாட்டை. அந்த ஊர்ப் பக்கம் வேர்க்கடலையை அப்படித்தான் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விற்பனை. ஐந்தே நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டன. காரணம் வல்லரசு. அவள் வகுப்புப் பையன். அவன் வீட்டில் மல்லாட்டை மூட்டை மூட்டையாக இருக்கும். ஒரு பை நிறையக் கொண்டுவந்து பத்து டிக்கெட்டை அள்ளிக்கொண்டு போய்விட்டான். அரை மணி நேரத்தில் அடிபம்புக்குப் பக்கத்தில் நின்று கூவவும் தொடங்கிவிட்டான்.

"ஒரு டிக்கெட்டு ஒரு பேனா! ஜல்தியா வாங்க! அப்புறம் கெடைக்காது!"

இருட்டுவதற்குள் அவனிடம் நாலு பேனா, ஒரு ரப்பர் பந்து, இரண்டு வாரத்துக்குக் கணக்கு வீட்டுப்பாடம் செய்து தருவதாக ஒருவனின் சத்தியம், எல்லாம் சேர்ந்துவிட்டன.

கலைப்பிரியா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அப்போது அன்புச்செல்வி மெதுவாக வந்தாள். மூடிய கையைத் திறந்தாள். உள்ளே வியர்வையில் நனைந்த ஏழு மல்லாட்டை.

"டிக்கெட்டு தீந்துடுச்சி அன்பு."

"பரவால்லக்கா, நான் நிக்கிறேன். எனக்கு முன்னாடி எவ்ளோ பேரு இருக்காங்க?"

கலைப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. அந்த நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் எண் கண் முன்னால் வந்து நின்றது. அன்புச்செல்வியின் துண்டைச் சரிசெய்துவிட்டாள்.

சனிக்கிழமை அவள் அப்பாவின் பஸ்ஸில் விழுப்புரத்து அத்தை வீட்டுக்குப் போனாள். அன்று கிருத்திகை. மயிலம் கோயிலுக்குப் போகிற கூட்டம் திண்டிவனத்திலேயே முண்டியடித்து ஏறியது. ஜன்னல் வழியாகத் துண்டு விழுந்தது, பை விழுந்தது, ஒரு தேங்காய்கூட விழுந்தது. எல்லாம் இடம் பிடிக்கத்தான்.

பஸ்ஸில் எள் போட்டால் எள் விழாது. ஆனால் அப்பா அசரவில்லை.

"உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல எவ்ளோ எடம் கீது பாருங்க! அண்ணே, ரெண்டு பேர் சீட்ல மூணு பேரு உக்காரலாம். அம்மா, அந்தக் கொழந்தைய மடியில வெச்சிக்கோங்க!"

ஏறவே முடியாது என்று நினைத்தவர்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். கதவு சாத்தி விசில் ஊதிய பிறகுதான் அப்பா டிக்கெட் புத்தகத்தை எடுத்தார்.

"அப்பா, ஏன் கீழ நிக்கும்போதே டிக்கெட் குடுக்கல?"

"கீழ வெச்சிக் குடுத்தா காசு வெச்சிருக்கவன் பத்து வாங்கிக்கினு பூடுவான். வயசானவங்க நின்னுக்கினு இருப்பாங்க. அதான் நம்ம வண்டியில ஏறின அப்புறம்தான் டிக்கெட்டு. ஒரு ஆளுக்கு ஒண்ணு. சில்லறையா குடுங்கம்மா, சில்லறையா!" என்று நகர்ந்துவிட்டார்.

விழுப்புரம் போய்ச் சேரும்வரை கலைப்பிரியா தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. மனைக்கு முன்னால் நாற்பது பிள்ளைகள். கலைப்பிரியா அம்மாவின் புடவைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். தோளில் அப்பாவின் பழைய தோல் பை, அதில் புதிதாக வெட்டிய டிக்கெட்டுகள், வாயில் விசில்.

"பழைய டிக்கெட்டு எதுவும் செல்லாது! மொதல்ல எல்லாரும் ஏறுங்க. ஏறின அப்புறம்தான் டிக்கெட்டு. ஒரு ஆளுக்கு ஒண்ணு. வெள்ளிக்கிழமையே மல்லாட்டை குடுத்தவங்க மறுபடி குடுக்க வாணாம்!"

ஹோவென்று சத்தம். வல்லரசு மட்டும் பாய்ந்து வந்தான். "அதெப்படி? எங்கிட்ட இன்னும் நாலு டிக்கெட் கீது!"

"எங்க பேனாவக் குடுடா!" என்று நாலு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். நாற்பது வாயும் சேர்ந்து "ஊ... ஊ..." என்று ஊளையிட்டன. வல்லரசுவின் முகம் சிவந்தது. உதடு துடித்தது.

"என்னியே திட்டுங்க! என்னியும் சேத்துக்கோன்னு மூணு தபா கேட்டேன். பிரியாதான் எடமில்லன்னு சொல்லிட்டா. அந்தக் கடுப்புலதான் பண்ணேன்!"

கலைப்பிரியாவுக்கு நினைவு வந்தது. ஆமாம், அவன் கேட்டான். அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், எல்லா டிக்கெட்டும் விற்றுவிட்டது என்கிற மாதிரி, 'எடமில்ல' என்று சொன்னவள் இவள்தான். அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

அவள் வல்லரசுவைப் பார்த்தாள். ஊளையிடுகிற கூட்டத்தைப் பார்த்தாள். எதிரியிடம் "சாரி" கேட்கும் மலர்விழியைப் பார்த்தாள். பளிச்சென்று ஒரு யோசனை வந்தது.

"டேய் வல்லரசு, ஊருல இத்தினி பேரு திட்டுற வில்லன் எனக்கு வேற எங்க கெடைப்பான்? எங்கூட சண்ட போட வர்றியா?"

"நெசமாவா?" வல்லரசு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நெசமாத்தான். உன் பேரு பிளாக் டிக்கெட் பீமன். ஆனா ஒண்ணு. தோத்துட்டா எல்லார் பேனாவும் திருப்பிக் குடுத்துடணும்."

"வீட்டுப்பாடம்?"

"அத நீயேதான் செய்யணும்."

"அப்பாடா! நான் தப்பிச்சேன்" என்று பெருமூச்சு விட்டாள் மலர்விழி.

கலைப்பிரியா விசில் ஊதினாள். "உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல எவ்ளோ எடம் கீது! சின்னப் பசங்கள மடியில வெச்சிக்கோங்க!"

இருபத்தைந்து பேருக்குத்தான் இடம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் அன்புச்செல்வி. அவளுடைய ஏழு மல்லாட்டையில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்தாள் கலைப்பிரியா. "சின்னப் பிள்ளைக்கு அரை டிக்கெட்டு."

கடைசி டிக்கெட்டைக் கிழிக்கும்போது, வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு அப்பா வந்தார். கையில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய அவித்த மல்லாட்டைப் பொட்டலம். கூட்டத்தைப் பார்த்து ஓரமாகத் தயங்கி நின்றார்.

"எடம் கீதா கண்டக்டர்?"

"ஏறுங்க சார். டிக்கெட்டுக்கு ஒரு கை மல்லாட்டை. சில்லறையா குடுங்க."

"சில்லறை இல்லியே. முழுப் பொட்டலமா கீது."

கலைப்பிரியா பொட்டலத்தை வாங்கி முதல் வரிசை ஓரத்தில் வைத்தாள். ஒரு டிக்கெட்டை நீட்டி, அப்பா எப்போதும் சொல்வதையே சொன்னாள். "மீதிய எறங்கும்போது வாங்கிக்கோங்க."

ஆயிரம் ஆயிரமாக டிக்கெட் கொடுத்த கைக்கு ஒன்றை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்புச்செல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிளாக் டிக்கெட் பீமன் சட்டைப் பையில் நாலு பேனாவைச் செருகிக்கொண்டு ரிங்கில் நடந்தான். அன்று அவன் வாங்கிய ஊளையைத் திண்டிவனம் அதற்கு முன் கேட்டதில்லை. அவன் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. இரண்டு முறை பூங்கொடியைக் கீழே தள்ளினான். மூன்றாம் முறை அவள் எழுந்தாள். மூலைக் கம்பத்துக் கயிற்றில் ஏறினாள். துண்டைச் சுற்றினாள்.

"ஒண்ணு!" என்று கத்தியது கூட்டம். "ரெண்டு!" அப்பா எழுந்து நின்றேவிட்டார். "மூணு!" என்றபோது எல்லாரையும்விட உரக்கக் கத்தியது பல்லில்லாத ஒரு வாய்தான்.

பூங்கொடி பாய்ந்தாள். பீமன் வைக்கோலில் மல்லாந்து விழுந்தான். படுத்தபடியே நாலு பேனாவையும் எடுத்து நீட்டினான். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது.

எல்லாரும் கலைந்தபோது அப்பா மகளின் முன்னால் கை நீட்டினார். "கண்டக்டர், என் மீதி?"

கலைப்பிரியா திரும்பிப் பார்த்தாள். முதல் வரிசையில் மல்லாட்டைத் தோல் குவிந்திருந்தது. அதற்கு நடுவில் காலிப் பொட்டலம். பக்கத்தில் அன்புச்செல்வி, இரண்டு கன்னமும் உப்பியிருக்க, கழுத்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.