நம்பகமானி ஆறு காட்டியது

செவ்வாய்க் கிரகத்து நூலகத்துக்குக் காதல் நாவல் எது வந்தாலும், முதலில் நூறு வாசகர்களின் இமைக்குள் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். இமையில் பதித்திருக்கும் நம்பகமானி, அவர்கள் கதையை எவ்வளவு நம்பினார்கள் என்று நூற்றுக்குக் கணக்குச் சொல்லும். ஐம்பதைத் தாண்டினால் காதல் அடுக்கில் இடம். சுரங்க ரோபோ ஒன்று வானிலைச் செயற்கைக்கோளைக் கைப்பிடித்த கதை, போன மாதம் தொண்ணூற்று நான்கு வாங்கியது. பிடிப்பதற்குச் செயற்கைக்கோளுக்குக் கையே கிடையாது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அல்லியின் நாவல் ஆறு வாங்கியது.

அல்லி திருநங்கை. தொழில், காற்று வடிகட்டி பழுதுபார்ப்பது. கணவர் எட்வின் இறந்து எட்டு மாதம் ஆகிறது. காதல் அடுக்கைத் தவிர வேறெதையும் எட்வின் வாசித்ததில்லை. ஒவ்வொரு புத்தகத்தையும் மூடிவைக்கும்போது, "இதுலயும் உன்ன மாதிரி ஒருத்தி வந்தா, செத்துட்டா" என்பார். அந்த அடுக்கில் ஒரு விரற்கடை இடமாவது பிடித்துவிட வேண்டும் என்றுதான் தங்கள் குடித்தனத்தை அல்லி உள்ளது உள்ளபடி எழுதினார்.

"எழுத்துல குறை இல்லக்கா," என்றார் பதிப்பாசிரியர் சந்தானம். "வடிகட்டிய யாரு கழுவுறதுன்னு ரெண்டு பேரும் மூணு அத்தியாயம் சண்டை போடுறீங்க. அங்கதான் மானி விழுந்துடுச்சு."

"நடந்தது தம்பி அது."

"நடந்திருக்கும். பதினோராம் அத்தியாயத்துல உங்களச் சாகடிச்சு ஓடவிட்டேன். தொண்ணூத்தொண்ணு. நூறு பேரும் அழுதுட்டாங்க."

"செத்தது அவருப்பா."

"தெரியும்க்கா. ஆனா திருநங்கை உசுரோட இருக்க, பக்கத்துல புருஷனுக்கு நரை விழுறதெல்லாம்... வாசகனுக்குப் பழக்கமில்லையே."



"பதினொண்ணுலயே நான் போய்ட்டா, கடைசி ரெண்டு வருஷம் அவருக்குக் கஞ்சி வச்சுக் கொடுத்தது யாரு?"

சந்தானம் நல்ல மனிதர், நாவலைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. மறுவாரமே புத்தகமாக்கி, தன்னால் முடிந்த அடுக்கில் வைத்தார். அறிவியல் புனைகதை.

அந்த அடுக்கின் நூல்களுக்கெல்லாம் முதல் பக்கத்தில் நூலகம் ஒரு வரி அச்சிடும். இதற்கும் அச்சிட்டிருந்தது: 'இப்படியொரு வாழ்க்கை இன்னும் வரவில்லை. என்றாவது வரலாம்.'

அதற்கு நேர் கீழே அல்லியின் சமர்ப்பணம்: 'எட்வினுக்கு. இருபத்திரண்டு வருஷம், நாலு மாசம்.'